மறு: ‘லிங்க் ராட்’: வெள்ளிக்கிழமைக்குள் ஒரு சொல் வேண்டும்

அன்பின் நண்பர்களுக்கு,

சுழியோடிகளின் அழுத்தநோய் (ஆழத்திலிருந்து வேகமாக மேலே வரும்போது உடலில் வாயுக் குமிழிகள் உண்டாவதால் வருவது) பற்றிய கைநூல் ஒன்று வெள்ளியன்று அச்சுக்குப் போகிறது. எங்கள் பக்கம் கடலட்டைக்காகச் சிலிண்டரோடு இறங்கும் பெடியள் கால் வழங்காமல் ஆஸ்பத்திரிக்கு வருகிறார்கள். அவர்களைப் பார்க்கும் தாதியருக்கான நூல் இது. எந்த ஆவணம் இணையத்தில் எங்கே கிடைக்கும் என்ற பட்டியல் கடைசி அத்தியாயம்.

இந்த நோய் பற்றி உடலியலாளர் ஹால்டேன் குழுவினர் வெள்ளாடுகளை வைத்துச் செய்த 1908ஆம் ஆண்டு ஆய்வில் பிரச்சினை இல்லை. ஆய்விதழில் வந்ததால் பப்மெட் சென்ட்ரல் என்ற இலவச மருத்துவக் கட்டுரைக் காப்பகத்தில் கிடக்கிறது. இதழ் ஏறாத அறிக்கைகளும் பட்டறைத் தொகுப்புகளும்தான் தொல்லை. ரூபிகான் அறக்கட்டளை அப்படிப்பட்டவற்றை ஸ்கேன் செய்து இலவசமாகப் போட்டிருந்தது, பெரிய தொண்டு. எல்லோரும் அந்த முகவரிகளையே மேற்கோள் காட்டினார்கள். இன்று அவற்றில் பலவற்றை வேபேக் மெஷின் என்ற பழைய இணையப் பக்கக் காப்பகத்தின் படியில்தான் பார்க்க முடிகிறது. பட்டியலில் ஒவ்வொரு வரிக்கும் எதிரே நிலை குறிக்க வேண்டும். இணைய இணைப்புகள் நாளடைவில் கெட்டுத் திறக்காமல் போவதை ஆங்கிலத்தில் ‘லிங்க் ராட்’ (link rot) என்கிறார்கள். அதற்குத் தமிழில் என்ன எழுத?

– த., யாழ்ப்பாணம்

—

இணைப்பழுகல். முடிந்தது வேலை.

– கு.

—

அழுகுவது ஈரமுள்ள பொருள். தக்காளி அழுகும், இணைப்பு எப்படி அழுகும்? ஓலைச்சுவடி கெட்டால் செல்லரித்தது என்போம், கயிறு கெட்டால் இற்றுப்போனது என்போம். இணைப்பு என்பது கயிறுதானே? ‘சுட்டி இற்றல்’ என்று வைக்கலாம். வேர் ‘இறு’. இறுதி, இறப்பு, ஈறு எல்லாம் அந்தக் குடும்பம். பல் ஈறும் அதிலிருந்தே வந்தது என்பது என் நெடுநாள் கருத்து, அதைத் தனி மடலில் விரிக்கிறேன்.

– புலவர் செ.

—

ஐயா, தனி மடலிலேயே விரியுங்கள்.

– கு.

—

புலவர் ஐயாவுக்கு, எமது பாடநூலில் சுட்டி என்றால் மவுஸ். ‘சுட்டி இற்றது’ என்று அச்சடித்தால் தாதிமார் மவுஸை மாற்றப் போவார்கள்.

– த.

—

அப்போ உரலி? யூஆர்எல்லுக்கு வலைப்பதிவுக் காலத்தில் நாங்கள் எழுதியதுதான். ‘இற்ற உரலி’.

– கு.

—

உரல் இறுமா ஐயா? கல் உரல்!

– ம., கோவை

—

சொல்லுக்கே வருகிறேன். ‘இற்றது’ எனக்கு நெருடுகிறது. “எடுத்தது கண்டனர் இற்றது கேட்டார்” என்று கம்பன் சொல்வது படீரென்று முறிந்த வில்லை. ராட் என்பதோ ஆண்டுக்கணக்காக நடப்பது. ஒருநாளில் ஒடிவதற்கும் மெல்லக் கெடுவதற்கும் ஒரே சொல்லா?

– பேரா. ந.

—

பேராசிரியர் கம்பனைப் படித்த அளவுக்குக் கிணற்றடியைப் பார்த்ததில்லை போலும். “கயிறு இத்துப்போச்சு” என்று வீட்டில் சொல்வது எதை? நூல் நூலாகப் பிரிந்து, நாள்பட்டு, ஒருநாள் வாளியோடு போவதைத்தான். சொல் இரண்டுக்கும் பொருந்தும். கம்பனுக்கு ஒடிந்த கணம் தேவைப்பட்டது, அவ்வளவே.

– புலவர் செ.

—

கிணறு எங்கள் வீட்டிலும் இருந்தது ஐயா. தமிழ் விக்கிப்பீடியாவில் ‘தொடர்பிழந்த இணைப்பு’ என்று ஏற்கெனவே புழங்குகிறதே, அதை எடுத்துக்கொண்டு போவோமே?

– பேரா. ந.

—

எல்லோரும் திறக்காத இணைப்பைப் பற்றியே பேசுகிறீர்கள். திறக்கும் இணைப்புதான் ஆபத்து. அமெரிக்கக் கடற்படைக் கையேட்டின் பழைய அட்டவணையில் 40 அடி ஆழத்துக்கு நிறுத்தமில்லா நேரம் (ஏறும்போது இடையில் நிற்காமல் மேலே வர, கீழே இருக்கக்கூடிய அதிகபட்ச நேரம்) 200 நிமிடம். 2008இல் வந்த 6ஆம் திருத்தத்தில் அது 163. பழைய பதிப்பைப் படித்துவிட்டு நீங்கள் முகவரி குறிக்கிறீர்கள், பிறகு அதே முகவரியில் புதிய பதிப்பை ஏற்றிவிடுகிறார்கள். இணைப்பு அழகாகத் திறக்கும், உங்கள் வரியில் இருக்கும் எண் மட்டும் அங்கே இருக்காது. காலாவதியான தளப்பெயரை வேறு யாரோ வாங்கி, அதில் சூதாட்ட விளம்பரம் போடுவதும் உண்டு. இதற்கும் சேர்த்து ஒரே சொல் வைத்தால் பட்டியலால் பயனில்லை.

– ம.

—

மிகச் சரி. திறக்காதது இற்றது. திறந்து வேறொன்றைக் காட்டுவது ஆள்மாறாட்டம்!

– கு.

—

கு. முதல்முறையாக நல்ல சொல் தந்திருக்கிறார்.

வள்ளுவர் சொல்லும் “கீழ்நீர்க் குளித்தானைத் தீத்துரீஇ அற்று” இங்கே பொருந்தும் பாருங்கள். நீருக்கடியில் இருப்பவனைத் தீவட்டி கொண்டு தேடுவது! போன பக்கத்தைப் பழைய முகவரியில் தேடுவதும் அப்படித்தான். கூடவே ஒன்று: குளித்தல் இங்கே மூழ்குதல். ஆகவே சுழியோடி, ஸ்கூபா இரண்டையும் விட்டு ‘குளியாளர்’ என்று…

– புலவர் செ.

—

ஐயா, அதற்குத் தனி இழை. எங்கள் மீனவர் வாயில் இருப்பது சுழியோடி, அது மாறாது.

வாக்கு எண்ணியதில் ‘இற்ற இணைப்பு’ முன்னிற்கிறது. கோவை ம. சொன்னதற்காக ‘உள்ளடக்கம் மாறியது’ என்று இன்னொரு குறியும் போடுகிறேன். ஆள்மாறாட்டம் நன்றாக இருக்கிறது, ஆனால் அரச அச்சகத்தில் சிரிப்பார்கள். ஒவ்வொரு வரியிலும் வேபேக் படியின் முகவரி, நாங்கள் பார்த்த திகதி, பதிப்பு எண் மூன்றும் வரும். பகிரத் தடையில்லாத கோப்புகளை இரண்டு நூலகங்களில் படியெடுத்து வைக்கக் கேட்டிருக்கிறோம்.

– த.

—

ஏடு பெயர்த்தெழுதியவர்கள் செய்த அதே வேலை. வாழ்க. சொல்லில் மட்டும் எனக்கு உடன்பாடில்லை, ‘தொடர்பிழந்த’தே சரி என்று பதிவு செய்யவும்.

– பேரா. ந.

—

பதிவாகட்டும். ஈறு பற்றிய மடல் நாளை வரும்.

– புலவர் செ.