அப்பா டைப் பண்ணி வச்ச நடவுப் பாட்டு ஃபைல் எல்லாம் அப்டேட்டுக்கு அப்புறம் புரியாத எழுத்தா வருது, மீட்க முடியுமா?

கோட்டூர்_பொண்ணு:
எல்லாருக்கும் வணக்கம். எனக்கு கம்ப்யூட்டர் பத்தி பெருசா தெரியாது, தப்பா எதாவது சொன்னா திருத்துங்க. எங்க ஊரு கோட்டூர் பக்கம், மன்னார்குடிக்கும் திருத்துறைப்பூண்டிக்கும் நடுவுல. அப்பா தபால்காரரா இருந்தவர், சைக்கிள்ல ஊர் ஊரா போற வேலைங்கறதால வயல்ல நடவு நடுறவங்க பாடுறத வரப்புல நின்னு கேட்டு நோட்டுல எழுதிட்டு வருவாரு. ரிடையர் ஆனப்புறம் 2002லேருந்து ஒவ்வொண்ணா வேர்டுல டைப் பண்ணாரு, மொத்தம் 60 ஃபைல் இருக்கும். 2018 நவம்பர்ல கஜா புயல்ல ஓடு பறந்து நோட்டு எல்லாம் நனைஞ்சு கூழாப் போச்சு, ஃபைல் மட்டும்தான் மிச்சம், அதை 2019ல வாங்குன புது சிஸ்டத்துல ஏத்தி வச்சிருந்தோம். அப்பா தவறி 3 வருஷம் ஆகுது.

இப்ப என்ன ஆச்சுன்னா விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14ஓட சப்போர்ட் முடிஞ்சு போச்சு 11 போட்டுத்தான் ஆகணும்னு சொன்னாங்க, ஒரு கடைல குடுத்து போட்டு வாங்கியாந்தேன், 4 நாள் ஆச்சு. ஃபைல் எல்லாம் அப்படியே இருக்கு ஆனா திறந்தா ஒரு எழுத்து தமிழ் இல்ல. கடைல கேட்டா ஃபைல் கரப்ட் ஆயிருக்கும் ஒண்ணும் பண்ண முடியாதுங்கறாங்க. அந்த பாட்டு பாடுனவங்கள்ல பாதி பேர் இப்ப இல்ல, இப்ப மெஷின் நடவு வந்துட்டதால யாரும் பாடுறதும் இல்ல. ரெண்டு நாளா தூக்கமே வரலைங்க. யாராவது வழி சொல்லுங்க.

கும்பகோணம்_டிடிபி:
தங்கச்சி, மொதல்ல ஒண்ணு, எந்த ஃபைலையும் சேவ் பண்ணாதீங்க. திறந்து பாத்தாலும் சேவ் பண்ணாம மூடுங்க. முழு ஃபோல்டரையும் ஒரு பென்டிரைவ்ல காப்பி எடுத்து தனியா வச்சிடுங்க, அதை தொடவே வேணாம்.

உங்க ஃபைல் அனேகமா கெட்டுப் போகல. நான் 1998லேருந்து டிடிபி வேலை பாக்குறேன், கல்யாண பத்திரிகை, கும்பாபிஷேக நோட்டீஸ் எல்லாம் அடிச்சது பழைய ஃபான்ட்லதான். அந்த காலத்து ஃபான்ட்ல தமிழுக்குன்னு தனி இடம் கிடையாது, ஆங்கில எழுத்தோட இடத்துல தமிழ் உருவத்தை வரைஞ்சு வச்சிருப்பாங்க, அவ்வளவுதான். ஃபைலுக்குள்ள இருக்கறது ஆங்கில எழுத்து, ஃபான்ட் இருந்தா அது தமிழாத் தெரியும், ஃபான்ட் போயிட்டா சாயம் வெளுத்த மாதிரி ஆங்கிலமா நிக்கும். இதுல ஒவ்வொரு கம்பெனியும் அவங்கவங்க இஷ்டத்துக்கு இடம் வச்சுக்கிட்டாங்க. 1999ல தமிழ்நாடு அரசு இதை ஒழுங்குபடுத்த டாம், டாப்னு ரெண்டு தரம் கொண்டாந்துச்சு, அப்புறம் 2010ல தமிழ் எழுத்துக்குன்னே தனி இடம் குடுக்குற யூனிகோடுங்கற பொது முறைதான்னு உத்தரவு போட்டாங்க, ஆனா கடைகள்ல நாங்க மாறவே இல்ல, ஏன்னா நாங்க பக்கம் அமைக்கிற பேஜ்மேக்கர் சாஃப்ட்வேருக்கு தமிழ் யூனிகோடு வராது.

இப்ப திறந்தா எப்படி தெரியுதுன்னு சொல்லுங்க. சாதாரண ஆங்கில எழுத்தும் நடுநடுவுல அரைப்புள்ளியுமா இருந்தா பாமினிங்கற பழைய ஃபான்ட் வகையா இருக்கும், கவலையே இல்ல. தலையில புள்ளி, கொம்பு, கோடு வச்ச ஐரோப்பிய எழுத்தா இருந்தா டாம், டாப், இல்ல டிஸ்கிங்கற இன்னொரு பழைய தரம், இதுல ஒண்ணு, அதுக்கும் வழி இருக்கு. வெறும் கேள்விக்குறியா இருந்தா மட்டும்தான் நெஜமாவே சேதம்.

இன்னொண்ணு ரொம்ப அவசரம். சி டிரைவ்ல விண்டோஸ்.ஓல்ட்னு ஒரு ஃபோல்டர் இருக்கான்னு உடனே பாருங்க. கடைக்காரங்க ஃபார்மட் பண்ணாம போட்டிருந்தா பழைய விண்டோஸ் முழுக்க அதுக்குள்ள இருக்கும், ஃபான்ட் ஃபோல்டரும் சேத்து. 10 நாள்ல அதுவா அழிஞ்சிடும், அதனால இன்னைக்கே.

கோட்டூர்_பொண்ணு:
அண்ணே இருக்கு! ஓல்ட் ஃபோல்டர் இருக்கு. அரைப்புள்ளியோட ஆங்கில எழுத்துதான் தெரியுது. எழுத்து மேல கிளிக் பண்ணா மேல ஃபான்ட் பேர்ல பாமினின்னே காட்டுது, இது எனக்கு முன்னாடி தோணல. ஆனா ஒரு தப்பு பண்ணிட்டேன், நேத்து ஒரு ஃபைலை மொத்தமா செலக்ட் பண்ணி லதா ஃபான்டுக்கு மாத்தி சேவ் பண்ணிட்டேன். அது போச்சா?

கும்பகோணம்_டிடிபி:
போகல போகல. லதா யூனிகோடு ஃபான்ட், அதுக்கு ஆங்கில எழுத்து ஆங்கில எழுத்துதான், அதனால தமிழ் வந்திருக்காது, ஆனா உள்ள இருக்கறது மாறல. திரும்ப செலக்ட் பண்ணி பாமினி குடுத்தா வந்துடும். நடுவுல அப்பா நெஜமாவே ஆங்கிலத்துல எதாவது எழுதியிருந்தா அது மட்டும் உளறலா வரும், அதை கையால சரி பண்ணணும்.

பழைய ஃபான்ட் ஃபோல்டர்லேருந்து பாமினிய எடுத்து வெளிய காப்பி பண்ணுங்க. ரைட் கிளிக் பண்ணி எல்லா யூசருக்கும் இன்ஸ்டால்னு வர்றத குடுங்க, சும்மா இன்ஸ்டால் குடுத்தா சில பழைய சாஃப்ட்வேருக்கு கண்ணுல படாது. தமிழ் வந்ததும் வேற எதையும் பண்றதுக்கு முன்னாடி ஒவ்வொண்ணையும் பிடிஎஃப் ஆக்கிடுங்க. பிடிஎஃப்ல ஃபான்ட் உள்ளயே உக்காந்துக்கும், நாளைக்கு எந்த கம்ப்யூட்டர்ல திறந்தாலும் அப்பா பாத்த மாதிரியே தெரியும். ஆனா அதுலேருந்து காப்பி பண்ணா மறுபடி ஆங்கிலம்தான் வரும், அதனால பிடிஎஃப் போதும்னு விட்டுடாதீங்க, யூனிகோடுக்கும் மாத்தணும்.

பாமணியாறு_தம்பி:
அக்கா, யூனிகோடு மாத்துறதுக்கு என்எச்எம் கன்வர்டர்னு ஒண்ணு இருக்கு, அழகிங்கற சாஃப்ட்வேர்லயும் மாத்தலாம், ரெண்டுமே இலவசம்தான், சிஸ்டத்துலயே வேலை செய்யும். எங்க தாத்தாவோட கணக்கு ஃபைல் எல்லாம் இப்படித்தான் மாத்துனேன், அப்ப மாட்டுன சில விஷயம் சொல்றேன்.

முழு ஃபைலையும் அப்படியே கன்வர்டர்ல போட்டா உள்ள இருக்குற நெஜ ஆங்கிலமும் தமிழ் குப்பையா ஆயிடும். வேர்டுல ஃபைண்ட்ல போயி வார்த்தை எதுவும் அடிக்காம ஃபான்ட் மட்டும் பாமினின்னு குடுத்து தேடுனா அந்த ஃபான்ட்ல உள்ளது மட்டும் மொத்தமா செலக்ட் ஆகும், எது தமிழ் எது ஆங்கிலம்னு அதுல தெரிஞ்சிடும். ஃபான்ட் பேர் ஃபைல்ல இருக்குற வரைக்கும்தான் இது முடியும், அதனாலதான் அண்ணன் சேவ் பண்ணாதீங்கன்னாரு.

அப்புறம் மாத்துனப்புறம் வெள்ளம்ங்கறது வௌ்ளம்னு வரும், வெளி தெளி எல்லாமே கெட்டுப் போயிருக்கும், ஏன்னா பழைய ஃபான்ட்ல ஔகாரத்தோட பின்பாதியும் ள எழுத்தும் ஒரே சாவி, கன்வர்டருக்கு வித்தியாசம் தெரியாது. ௌ எங்கெல்லாம் வருதுன்னு தேடி ஒண்ணொண்ணா பாருங்க. துணைக்காலுக்கு பதிலா ர அடிச்சிருப்பாங்க, கண்ணுக்கு கிட்டத்தட்ட ஒரே மாதிரி தெரியும், மாத்துனா நாத்து நரத்துன்னு நிக்கும். இன்னொண்ணு வேர்டோட ஆட்டோகரெக்ட். வரி ஆரம்பத்துல சின்ன எழுத்தை பெரிய எழுத்தாக்கும்ல, பாமினில சின்ன கே அடிச்சா ம, பெரிய கே அடிச்சா மு, அதனால வரி மொதல்ல உள்ள மழை முழைன்னு ஆயிடும், அ எல்லாம் ஆ ஆயிடும். இது அப்பா டைப் பண்றப்பவே நடந்திருக்கலாம். ஸ்பெல்செக் மட்டும் போடாதீங்க அக்கா, பாட்டு பேச்சு வழக்குல இருக்கும், அதை இலக்கணத் தமிழா திருத்துனா பாட்டே போயிடும்.

வலங்கைமான்_விவசாயி:
இதை படிச்சதும் மனசு கேக்கல அதான் எழுதுறேன். எங்க ஊர்ல முறைத்தண்ணி விட்ட கணக்கு 10 வருஷத்துக்கு மேல டைப் பண்ணி வச்சிருந்தோம், எந்த மடைக்கு எந்த ராத்திரி எத்தனை மணி நேரம்னு. அது டாப்ல அடிச்ச டெக்ஸ்ட் ஃபைல். நான் செல்போன்ல ஒரு ஆப்ல திறந்தேன், கறுப்பு கட்டத்துக்குள்ள கேள்விக்குறியா வந்துச்சு, ஒரு தேதிய மட்டும் மாத்திட்டு சேவ் பண்ணேன். அந்த ஆப்பு படிக்க முடியாத எழுத்தை எல்லாம் கேள்விக்குறியாவே எழுதி வச்சிடுச்சு, அசல் எழுத்து போயே போச்சு. எத்தனையோ பேர்கிட்ட காட்டிட்டேன், திரும்பல. பாமினி மாதிரி சாதாரண ஆங்கில எழுத்துல இருந்திருந்தா தப்பிச்சிருக்கும்னு இப்பத்தான் புரியுது. டாப்ல வச்சிருக்குறவங்க யாரா இருந்தாலும் காப்பி எடுக்காம திறக்கவே திறக்காதீங்க.

கோட்டூர்_பொண்ணு:
ஒரு வாரம் கழிச்சு எழுதுறேன், எல்லாருக்கும் கை எடுத்து கும்புடுறேன். பாமினி போட்டதும் அப்பா அடிச்சது அப்படியே தமிழா வந்து நின்னுச்சு பாருங்க, அம்மா ஸ்கிரீனை தொட்டு தொட்டு பாத்தாங்க. 60ல 57 ஃபைல் யூனிகோடு ஆயிடுச்சு, பிடிஎஃப்பும் எடுத்தாச்சு. தம்பி சொன்ன வௌ்ளம் தப்பு மட்டும் நூத்துக்கு மேல இருந்துச்சு, எல்லாத்தையும் மாத்திட்டேன்.

ஒரு பாட்டுல வரி ஆரம்பத்துல முடின்னு இருந்துச்சு. நாத்துக்கட்டை சொல்ற நாத்து முடின்னு நெனச்சு விட்டுட்டேன், அப்புறம் தம்பி சொன்ன ம மு விஷயம் ஞாபகம் வந்து சந்தேகம். பக்கத்து தெரு ஆயாகிட்ட போயி படிச்சு காட்டுனேன், அவங்க அப்பாவுக்கே பாடிக் குடுத்தவங்க. கேட்டதுமே "மடி தான்டி, மடில நெல்லு வாங்கிட்டு போறதுல்ல"ன்னு சொல்லிட்டு அந்த பாட்டை முழுசா பாடுனாங்க. அப்பா எழுதுனது 8 வரி, ஆயா பாடுனது அதுக்கு மேல போச்சு. செல்போன்ல பதிவு பண்ணிட்டேன். இப்ப தினம் சாயந்திரம் ரெண்டு பாட்டு எடுத்துக்கிட்டு போறேன்.

மிச்சம் 3 ஃபைல் வேர்டு இல்ல, புத்தகமா போடணும்னு அப்பா ஒரு டிடிபி கடைல பேஜ்மேக்கர்ல பண்ணி வாங்குனது. அது திறக்கவே மாட்டேங்குது. அதுக்கு எதாவது இருக்காண்ணே?

கும்பகோணம்_டிடிபி:
இருக்கு. லிப்ரே ஆஃபீஸ்னு இலவசமா கிடைக்கும், அதுல உள்ள டிரா பேஜ்மேக்கர் 6, 7 ஃபைலை திறக்கும், பக்க அமைப்பு கொஞ்சம் கலையும் ஆனா எழுத்து வந்துடும். அதுல வரலைன்னா நம்ம கடைல ஒரு பழைய சிஸ்டத்துல இன்னும் பேஜ்மேக்கர் ஓடுது, பென்டிரைவை எடுத்துக்கிட்டு வாங்க, அசலை வீட்டுலயே வச்சிட்டு காப்பிய மட்டும் கொண்டாங்க. காசெல்லாம் வேணாம், ஆயா பாடுனத மட்டும் ஒரு தடவை கேக்க குடுங்க.