ஹேர் சீரத்தை எண்ணெய் போல் வேர்க்காலில் தேய்க்கலாமா?

கேள்வி:
எனக்கு இடுப்பு வரை நீளும் சுருள் கூந்தல். ஞாயிறுதோறும் தேங்காய் எண்ணெய் தேய்த்துத் தலைக்குக் குளிப்பது சிறு வயது முதலே உள்ள பழக்கம். முடி அடிக்கடி சிக்காகிறதே என்று சென்ற மாதம் ஒரு ஹேர் சீரம் வாங்கி, எண்ணெய் வைப்பது போலவே வகிடு வகிடாகப் பிரித்து, வேர்க்காலில் படும்படி தினமும் தடவி வந்தேன். பத்தே நாளில் உச்சந்தலை பிசுபிசுத்து அரிக்கத் தொடங்கிவிட்டது. நுனியோ முன்பு போலவே வறண்டு கிடக்கிறது. நான் தடவும் முறை தவறா, அல்லது சீரமே எனக்கு ஒத்துக்கொள்ளவில்லையா? எண்ணெயை நிறுத்திவிட வேண்டுமா?

பதில் 1:
சகோதரி, முறைதான் தவறு என்று தோன்றுகிறது. முடியின் மேற்புறம் கூரை ஓடுகளைப் போல ஒன்றன்மேல் ஒன்று படிந்த செதில்களால் ஆனது. அவை தூக்கிக்கொண்டு நிற்கும்போதுதான் இழையோடு இழை உரசிச் சிக்கு விழுகிறது. கடைகளில் கிடைக்கும் பெரும்பாலான சீரங்கள் சிலிகோன் வகையைச் சேர்ந்தவை; அவற்றில் உள்ள சைக்ளோபென்டாசிலோக்சேன் சிறிது நேரத்தில் ஆவியாகிவிட, டைமெத்திகோன் போன்றவை இழையின் மேல் மெல்லிய படலமாகத் தங்கி அந்தச் செதில்களைப் படிய வைக்கின்றன. உச்சந்தலைக்கு இந்தப் படலத்தால் பயனில்லை. அங்கே ஏற்கெனவே இயற்கையான எண்ணெய்ப் பசை சுரக்கிறது.

குளித்ததும் முடியைத் துண்டால் தேய்க்காமல், பழைய பருத்தித் துணியில் பத்து நிமிடம் சுற்றி வையுங்கள். நீர் சொட்டுவது நின்று ஈரம் மட்டும் இருக்கும்போது, நான்கைந்து சொட்டு சீரத்தை உள்ளங்கைகள் இரண்டும் பளபளக்கும்வரை தேய்த்து, நுனியிலிருந்து தொடங்கிக் காது மட்டம் வரை மட்டும் தடவி, அகலப் பல் சீப்பால் கீழிருந்து மேலாகச் சிக்கெடுங்கள்.

எண்ணெயைத் தயவுசெய்து விடாதீர்கள். தேங்காய் எண்ணெய் முடியின் உள்ளே ஊடுருவி, அலசும்போது புரதம் வெளியேறுவதைக் குறைக்கிறது என்பது ஆய்வில் கண்டறியப்பட்டிருக்கிறது. அது குளிப்பதற்கு முன். சீரம் குளித்த பின்.

பதில் 2:
உங்கள் வீட்டில் ஆழ்துளைக் கிணற்று நீரா? உப்பு நீரில் உள்ள கால்சியமும் மெக்னீசியமும் முடியில் படிந்து சொரசொரப்பாக்கும். நான் கடைசி இரண்டு குவளைக்கு மட்டும் நல்ல தண்ணீரால் அலசுகிறேன்; வித்தியாசம் விரலிலேயே தெரிகிறது. மேலும், டைமெத்திகோன் நீரில் கரையாது என்பதால் வெறும் தண்ணீரில் அலசினால் போகாது. ஷாம்பு போட்டுத்தான் கழுவ வேண்டும்.

பதில் 3:
ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். உச்சந்தலையில் தடவுவதற்கென்றே முடி உதிர்வுக்கான சீரங்களும் விற்கின்றன. பெயர் ஒன்றாக இருப்பதால்தான் இந்தக் குழப்பம் நேர்கிறது. அவற்றுள் மினாக்ஸிடில் கலந்தது மருந்து; தோல் மருத்துவரைக் கேட்காமல், குறிப்பாகக் கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும், தொடவே கூடாது. சீரத்தை நிறுத்திய பிறகும் அரிப்பு நீடித்தால் நீங்களும் மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி கேட்டவர்:
மூவருக்கும் மிக்க நன்றி. பாட்டிலைத் திருப்பிப் பார்த்தேன். முதல் பெயரே சைக்ளோபென்டாசிலோக்சேன்தான். எங்கள் வீட்டில் ஆழ்துளைக் கிணற்று நீரே வருகிறது. இன்று ஷாம்பு போட்டு அலசிவிட்டேன். அரிப்பு முழுவதும் அடங்கும்வரை பாட்டிலைத் தொடப்போவதில்லை. அதன் பிறகு நுனியில் மட்டும் தடவிப் பார்க்கிறேன்.