புதுப்பிப்பு: பாதி வழியில் நின்றுபோன மொபெட், காரணம் கிடைத்துவிட்டது

போன வாரம் எழுதியிருந்தேன்: என் பழைய மொபெட் ஏழெட்டு கிலோமீட்டர் ஓடியதும் திணறி நின்றுவிடுகிறது, கால் மணி நேரம் கழித்து உதைத்தால் மறுபடி கிளம்புகிறது, கார்புரேட்டரை (பெட்ரோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் பாகம்) இருமுறை கழற்றிச் சுத்தம் செய்தும் பயனில்லை என்று. கோளாறு கார்புரேட்டரில் இல்லவே இல்லை, டேங்க் மூடியில்!

நேற்று, எஞ்சின் ஆறியிருந்தபோது, கார்புரேட்டருக்குப் போகும் பெட்ரோல் குழாயைக் கழற்றி ஒரு பாட்டிலுக்குள் விட்டேன். முதலில் நூல்போல் சீராக விழுந்தது. கொஞ்சம் சேர்ந்ததும் சொட்டாகி, நின்றேவிட்டது. மூடியைத் திருகினேன். ‘உஸ்’ என்று காற்று உள்ளே போனது, பெட்ரோல் மறுபடி கொட்டியது.

மூடியிலுள்ள காற்றுத் துளையைப் புழுதியும் எண்ணெய்ப் பிசுக்கும் அடைத்திருந்தன. வெளிக்காற்று நுழையாவிட்டால் டேங்கின் உள்ளே அழுத்தம் குறைந்து, பெட்ரோல் கீழே இறங்காது. டேங்க் நிறைய இருந்த நாள்களில் வண்டி சீக்கிரம் நின்றதும் இதனால்தான்: மேலே காற்றுக்கு இடம் குறைவு, அதனால் கொஞ்சம் பெட்ரோல் இறங்கியதுமே அழுத்தம் குறைந்துவிடும்.

மூடியை மண்ணெண்ணெயில் ஊறவைத்து, ஊதிச் சுத்தம் செய்தேன். இன்று 40 கிலோமீட்டர் ஓட்டினேன், ஒருமுறைகூட நிற்கவில்லை. “நின்றதும் மூடியைத் திறந்து பாருங்கள்” என்று எழுதிய நண்பருக்கு மனமார்ந்த நன்றி.