புதுப்பிப்பு: வெளிநாட்டு செமஸ்டர் முடிந்தது, கிரெடிட்டும் கிடைத்துவிட்டது

ஐரோப்பாவில் ஒரு செமஸ்டர் படிக்கப் போன மூன்றாவது வாரத்தில், நான் எடுத்த பாடம் ஒன்றை ரத்து செய்துவிட்டார்கள், கிரெடிட் குறையுமே, பாதியில் திரும்பிவிடலாமா என்று இங்கே கேட்டிருந்தேன். திரும்பவில்லை. பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி, குறிப்பாக கற்றல் ஒப்பந்தத்தை (அங்கே எந்தப் பாடங்களைப் படிப்போம், நம் பல்கலைக்கழகம் அவற்றை எப்படி ஏற்கும் என்று எழுதிக்கொள்ளும் ஆவணம்) உடனே திருத்தி இரண்டு பல்கலைக்கழகங்களிடமும் கையெழுத்து வாங்கச் சொன்னவருக்கு. அதைத்தான் செய்தேன். மாற்றுப் பாடத்தின் பாடத்திட்டத்தை என் துறைக்கு அனுப்பி, மின்னஞ்சலிலும் ஒப்புதல் வாங்கி வைத்துக்கொண்டேன்; 30 கிரெடிட்டும் அப்படியே ஏற்கப்பட்டதற்கு அதுதான் காரணம்.

வகுப்பு நேரம் இவ்வளவு குறைவா என்று முதலில் நிம்மதியாக இருந்தேன், ஆனால் அங்கே ஒரு கிரெடிட் என்றால் 25 முதல் 30 மணி நேர உழைப்பு, அதில் பெரும்பகுதி நாமே உட்கார்ந்து படிப்பது, இது எனக்குப் புரியவே ஒரு மாதம் ஆனது.

தனிமை? குறைந்தது, முழுதாகப் போகவில்லை. வாராவாரம் குழுப் பயிற்சி இருந்த ஒரு பாடம்தான் நண்பர்களைத் தந்தது, போகிறவர்கள் அப்படி ஒன்றாவது எடுங்கள். அப்புறம், ஒப்பந்தம் திருத்துவதில் யாராவது சிக்கியிருந்தால் தயங்காமல் கேளுங்கள், எனக்கு எல்லாம் நினைவிருக்கிறது.