நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் பத்மினி மட்டும் அணைந்துவிடுகிறது, டிசையர் அணைவதில்லை: காரணம் என்ன?

கேள்வி (வலங்கைமான்):
வணக்கம். எங்கள் வீட்டில் அப்பா காலத்துப் பிரீமியர் பத்மினி ஒன்றும், 2024 இறுதியில் வெளிவந்த புதிய வடிவ டிசையர் ஒன்றும் இருக்கின்றன. மன்னார்குடிக்குப் போகும் வழியில் நீடாமங்கலம் கேட்டில் சரக்கு ரயிலுக்காகக் காத்திருக்க நேர்ந்தால், சித்திரை வெயிலில் பத்மினியின் இன்ஜின் தடுமாறி அணைந்துவிடுகிறது. சற்று ஆறிய பிறகு ஒன்றுமே நடவாததுபோல் கிளம்புகிறது. அதே பெட்ரோலில், அதே வெயிலில், ஏசியும் போட்டுக்கொண்டு நிற்கும் டிசையருக்குச் சிக்கலே இல்லை. பெட்ரோலையும் காற்றையும் கலந்து தரும் கார்புரேட்டரைச் சுத்தம் செய்து பிளக்குகளையும் மாற்றியாயிற்று. வேறு எதைப் பார்க்க வேண்டும்?

பதில் (மன்னார்குடி):
இது பெரும்பாலும் வேப்பர் லாக்காக இருக்கும். அதாவது, பெட்ரோல் குழாய்க்குள்ளேயே ஆவியாகிவிடுவதால் பம்பினால் அதை இழுக்க முடிவதில்லை. கார்புரேட்டர் காலத்து வண்டிகள் பலவற்றுக்கும் உள்ள தொல்லைதான். பத்மினியின் பம்பு இன்ஜின் மீதே அமர்ந்து, பின்னாலுள்ள டேங்கிலிருந்து பெட்ரோலை உறிஞ்சுகிறது. உறிஞ்சும் குழாயில் அழுத்தம் குறைவதால் பெட்ரோல் இன்னும் எளிதில் கொதிக்கும். விசிறியும் பெல்ட்டில் ஓடுவதால், காற்று மிகவும் தேவைப்படும் ஐடிலில்தான், அதாவது வண்டி நின்றபடி இன்ஜின் மெதுவாக ஓடும்போதுதான், அது மெதுவாகச் சுற்றுகிறது. டிசையரிலோ மின்பம்பு டேங்குக்குள் பெட்ரோலில் மூழ்கியிருந்து அழுத்தத்துடன் முன்னே தள்ளுகிறது. ரேடியேட்டர் விசிறியும் இன்ஜின் வேகத்தை நம்பியிருப்பதில்லை. ஆகவே இன்ஜின் அளவு பத்மினியில் 1089 சிசி, டிசையரில் 1197 சிசி என்பதற்கும் இதற்கும் தொடர்பில்லை.

எதையும் வாங்குவதற்கு முன், அடுத்த முறை அணைந்ததும் ஏர் ஃபில்டரைக் கழற்றி, ஆக்சிலரேட்டர் இணைப்பைக் கையால் அசைத்துக் கார்புரேட்டருக்குள் பாருங்கள். பெட்ரோல் பீச்சாவிட்டால் வேப்பர் லாக் என்ற சந்தேகம் வலுக்கும்; பீச்சினால், சந்தேகம் பிளக்குக்குத் தீப்பொறி தரும் அமைப்பிலுள்ள காயில் அல்லது கண்டென்சர் மீது திரும்ப வேண்டும். அவையும் சூட்டில் கைவிடக்கூடியவை.

கேட்டவர்:
பார்த்தேன் ஐயா. பெட்ரோல் பீச்சவில்லை, பம்பின் மேல் ஈரத்துணி போட்ட பிறகே கிளம்பியது. டிசையரில் உள்ளதுபோல் மின்பம்பு ஒன்றை இதிலும் பொருத்தலாமா?

பதில் (திருவாரூர்):
பொருத்தலாம். ஆனால் டிசையர் போல, கார்புரேட்டர் இல்லாமல் பெட்ரோலை அழுத்தத்தில் பீச்சும் இன்ஜெக்ஷன் வண்டியின் பம்பு கூடவே கூடாது. அதன் அழுத்தத்தை, கார்புரேட்டருக்குள் பெட்ரோல் வரவை அடைக்கும் ஊசி வால்வு தாங்காமல், சூடான இன்ஜின் மேல் பெட்ரோல் வழியும். கார்புரேட்டருக்கென்றே விற்கும் குறைந்த அழுத்தப் பம்பை டேங்குக்கு அருகே, இன்ஜின் அணைந்தால் தானும் நிற்கும்படி ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) வைத்துப் பொருத்துங்கள். இப்போது பங்க்குகளில் கிடைப்பது 20% எத்தனால் கலந்த பெட்ரோல். டிசையரின் குழாய்கள் அதற்கென்றே செய்யப்பட்டவை, பத்மினியின் பழைய ரப்பரோ அதில் ஊறி இளகிவிடும். ஆகவே எத்தனால் தாங்கும் குழாய்களைப் போட்டு, சைலன்சர் குழாயை ஒட்டி ஓடும் பகுதியை விலக்கிக் கட்டச் சொல்லுங்கள்.