நாகை–சிங்கை சொந்தங்கள்: நாளைக்குச் சிங்கப்பூர்ல எங்க போறோம்?

கலா அத்தை: நாளைக்குக் காலையில எட்டரைக்குக் கிளம்பிடலாம். தெலுக் ஆயர் எம்ஆர்டி ரயில் ஸ்டேஷன்ல இறங்கினா அந்தச் சீனர் கோயில் பக்கத்துலதான். அம்மா, சக்கர நாற்காலி வேணுமா?

பாட்டி: வேண்டாம்மா, மெதுவா நடந்துடுவேன். சீனர் கோயில்ல நம்மள உள்ள விடுவாங்களா?

கலா அத்தை: தாராளமா விடுவாங்கம்மா. டிக்கெட்டும் கிடையாது, செருப்பும் கழட்ட வேணாம். ஆனா வாசப்படி உயரம். அதை மிதிக்காம தாண்டணும். நான் கையப் பிடிச்சுக்குறேன்.

பிரவீன்: பாட்டி, நமக்கு வலப்பக்கம் இருக்குற வாசல் வழியா உள்ள போய் இடப்பக்கமா வெளிய வரணும். நடு வாசல் சாமிக்கு.

செல்வி: என்ன சாமி அத்தை?

கலா அத்தை: கோயில் பேரு தியான் ஹோக் கெங். மூலவர் மாட்சு, கடல்ல போறவங்களக் காப்பாத்துற தாய். சீனாவோட ஃபுஜியன் மாகாணத்துலேருந்து பாய்மரக் கப்பல்ல வந்த சீனர்கள் கரையில கால் வச்சதும் இங்க வந்துதான் நன்றி சொல்லுவாங்க. 1839ல ஆரம்பிச்சு 1842ல கட்டி முடிச்சாங்க. அம்மன் சிலையும் 1840ல சீனாவுலேருந்து கப்பல்லதான் வந்துச்சு. பின்கட்டுல குவான் யின், பௌத்தத்தோட கருணை வடிவம். தாவோ மதமும் பௌத்தமும் ஒரே வளாகத்துல.

மாமா: மரவேலையப் பாக்க மறந்துடாதீங்க. ஆணியே இல்லாம மரத்தோட மரம் கோத்துக் கட்டினது. 1973ல சிங்கப்பூர்ல தேசியச் சின்னம்னு முதல்ல அறிவிச்ச எட்டுல இதுவும் ஒண்ணு, இங்க இருக்குற நம்ம மாரியம்மன் கோயிலும் ஒண்ணு.

செல்வி: கடல் தாய்ங்கறீங்க, மேப்ல கடலையே காணோமே? சுத்தி உசரக் கட்டடம்தான் தெரியுது.

பிரவீன்: அப்ப கோயில் வாசல்லயே கடல் இருந்துச்சு. 19ஆம் நூற்றாண்டு முடியுறதுக்குள்ள தூர்த்துட்டாங்க. இப்ப அந்த இடம் பூரா ஆபீசும் பேங்கும்.

மாமா: அதே தெருவுல நாகூர் தர்காவும் இருக்கு அத்தை. 1828லேருந்து 1830க்குள்ள நம்ம தமிழ் முஸ்லிம்கள் கட்டினது. கோயிலுக்கும் முந்தி.

பாட்டி: நாகூர் ஆண்டவருக்கா? இங்கயா?

கலா அத்தை: ஆமாம்மா, ஷாகுல் ஹமீது ஆண்டவர் நினைவா. அடக்கம் நம்ம நாகூர்லதான். இங்க இருக்குறது இப்ப மரபு மையம்.

பாட்டி: உங்கப்பா ரஜூலா கப்பல் ஏறினப்ப, நல்லபடியா போய்ச் சேரணும்னு நாகூர்லதான் நேர்ந்துக்கிட்டேன். கடுதாசி வர்ற வரைக்கும் தூக்கமே இல்ல.

கலா அத்தை: தெரியும்மா. அந்தச் சீனத் தாய்மாரும் அப்படித்தானே காத்திருந்திருப்பாங்க? அதனாலதான் மத்த இடத்துக்கு முன்னாடி உங்கள அங்க கூட்டிட்டுப் போகணும்னு நெனச்சேன்.

பாட்டி: ரெண்டு எடத்துக்கும் போவோம். அந்தம்மாவுக்குப் பூ வைக்கலாமா?

பிரவீன்: வைக்கலாம் பாட்டி. அங்க பூவும் பழமும் படைப்பாங்க.

கலா அத்தை: தேக்கா மார்க்கெட்டுல இன்னிக்குச் சாயங்காலமே வாங்கிடுறேன்.