‘லக்கி ஜிம்’: கேலியின் குறி யார்?

கேள்வி: கிங்ஸ்லி ஏமிஸின் பல்கலைக்கழகக் கேலி நாவல் ‘லக்கி ஜிம்’ (1954) படிக்கிறோம். நாயகனான இளம் வரலாற்று விரிவுரையாளன் டிக்சன், தன் பேராசிரியர் வீட்டில் தங்கும்போது படுக்கை விரிப்பைச் சிகரெட்டால் பொசுக்கி மறைக்கிறான். ஆனாலும் நம் பரிவு அவன் பக்கமே. சரியா?

பதில் 1: அது சில்லறைத் தப்பு. 1450-1485 காலத்துக் கப்பல் கட்டுமானம் பற்றிய டிக்சனின் கட்டுரையை, இதழாசிரியர் கேட்டன் (Caton) இத்தாலியனில் தன் பெயரில் வெளியிடுகிறானே, அதுதான் களவு. தண்டனையும் இல்லை. நாவலின் குறி அங்கே.

பதில் 2: டிக்சனின் சக விரிவுரையாளர் மார்கரெட்டை மறந்துட்டீங்க. அவள் தற்கொலை முயற்சியே நாடகம் என்று கடைசியில் காட்டி, டிக்சனைப் பொறுப்பிலிருந்து கழற்றிவிடுகிறது கதை. கேலி சறுக்குவது இங்கேதான்.

பதில் 3: டேவிட் லாட்ஜின் ‘சேஞ்சிங் பிளேசஸ்’ (1975) சேர்த்துப் படிங்க, அதுவும் பல்கலைக்கழகக் கேலி நாவல்தான். பிறர் படித்து, தான் படிக்காத நூலைச் சொன்னால் புள்ளி என்பது அதில் வரும் ஆட்டம். ஆங்கில இலக்கியம் கற்பிக்கும் ரிங்பாம், தான் படிக்காதது ‘ஹாம்லெட்’ என்கிறார். ஜெயிக்கிறார், வேலை போகிறது.